காம்பவுண்டு ஓரத்துக்குக் காயாத பச்சை: எதை நடலாம்? (பெங்களூரு)

கிணற்றடி | 14 ஏப்ரல் 2024

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ராமமூர்த்தி நகரில் 30×40 சைட்டில் எங்கள் வீடு. கேட்டை ஒட்டி மூன்றடி அகலத்தில், பதினைந்தடி நீளத்துக்கு மண்தரை இருக்கிறது. நல்ல வெயில் படும். பத்து வருடமாக அங்கே மெக்சிகன் புல் வைத்திருந்தோம். பிப்ரவரியில் போர்வெல் நின்றுவிட்டது. மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து காவேரித் தண்ணீரைச் செடிப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. டேங்கரில் வாங்கும் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற மனம் வரவில்லை. புல் முழுக்கச் சருகாகிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. தினம் மூன்று பக்கெட் தேறும்.

இன்னொரு இடம் பக்கவாட்டுச் சந்து. ஆறடி உயரச் சுவர், பூசாத சாலிட் பிளாக். பக்கத்து வீடு மூன்று மாடி என்பதால் மதியம் ஒரு மணி நேரம்தான் வெயில். அதில் ஏதாவது கொடி ஏற்ற ஆசை.

அப்பாவுக்கு 79 வயது. காலையில் அந்தப் புல்லில்தான் வெறுங்காலோடு நடப்பார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. வருடம் முழுக்க இலை உதிராமல் இருக்கிற, குறைந்த தண்ணீரில் பிழைக்கிற செடி வேண்டும். பாம்பு, எலி ஒளிகிற மாதிரி அடர்ந்து வளரவும் கூடாது.

தோழி ஒருத்தி மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒரு கட்டு கொடுத்தாள். நட்டுப் பத்தே நாளில் எல்லாம் வேர் பிடித்துவிட்டது. அப்பா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்க் கரிசாலை இல்லையே" என்றார். அவர் வாணியம்பாடிப் பக்கம் வயல் வேலை பார்த்து வளர்ந்தவர். யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

செம்மண் | 14 ஏப்ரல் 2024

அக்கா, உங்கள் அப்பா சொல்வது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இலையைப் பாருங்கள். கரண்டி மாதிரி அகன்று, நுனிப் பக்கம் மூன்று மடலாகப் பிரிந்து, தடிமனாகப் பளபளவென்று இருக்கிறதா? அப்படியானால் அது வெடிலியா. தாவரவியல் பெயர் ஸ்பேக்னெட்டிகோலா டிரைலொபேட்டா. டிரைலொபேட்டா என்றாலே மூன்று மடல் என்றுதான் பொருள். நம் மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கமாக, நீளமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பூவும் சின்னது, நீண்ட காம்பில் தனியாக நிற்கும். வெடிலியாவின் பூ பெரியது, ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

இரண்டும் ஒரே பேரினம், அதனால்தான் இந்தக் குழப்பம். நர்சரிகளிலேயே பலர் மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கீரையாகச் சமைத்துவிடாதீர்கள்.

கிணற்றடி | 14 ஏப்ரல் 2024

மூன்று மடல்தான் செம்மண் சார். இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்தேன். வள்ளலார் போற்றிய கீரை, ஈரலுக்கு நல்லது என்று அடுத்த வாரம் அப்பாவுக்குப் பொரியல் செய்து கொடுக்க இருந்தேன். கை நடுங்குகிறது. மிகவும் நன்றி.

மொட்டைமாடி | 15 ஏப்ரல் 2024

சாப்பிடக் கூடாது என்பது சரி. ஆனால் தரைக்கு வெடிலியாவை ஏன் ஒதுக்க வேண்டும்? ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டில் சரிவான மண்மேட்டில் ஆறு வருடமாக அதுதான் இருக்கிறது. முன்பு ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து பார்க்கிங்கில் வந்து நிற்கும். இப்போது ஒரு கை மண் வருவதில்லை. உரமில்லை, மருந்தில்லை. கோடையில் வாரம் ஒரு முறை எஸ்.டி.பி. தண்ணீர் (சுத்திகரித்த கழிவுநீர்) விடுகிறோம். வருடம் முழுக்கப் பச்சை, மேலே மஞ்சள் பூ. அக்கா கேட்டதும் அதுதானே? சுற்றிலும் கான்கிரீட் இருந்தால் எங்கே ஓடிவிடும்?

செம்மண் | 15 ஏப்ரல் 2024

உங்கள் மண்மேட்டைக் காப்பாற்றியது உண்மை, அதை மறுக்கவில்லை. நான் கவலைப்படுவது மாலி (தோட்டக்காரர்) வெட்டி வாரிக்கொண்டு போகும் குப்பையைப் பற்றி. அது எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். எங்கள் பகுதியில் காலி சைட்டிலோ ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரத்திலோதான் கொட்டுகிறார்கள். கணுவுள்ள ஒரு துண்டு ஈரத்தில் விழுந்தால் போதும், அங்கிருந்து பிடித்துக்கொள்ளும். கால்வாய் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது.

நான் தினமும் நடக்கும் ஏரிக்கரையில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பொன்னாங்கண்ணி, வல்லாரை, பொடுதலை எல்லாம் கலந்து கிடக்கும். வயதான பெண்கள் மடியில் பறித்துக்கொண்டு போவார்கள். இன்று ஒரு பக்கக் கரை முழுக்க இந்த ஒரே செடி. அடியில் ஒரு புல்கூட இல்லை. உலகில் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. கவனிக்காமல் விட்டாலும் வளரும் செடி என்று நாம் தேடிப் போகிறோம். அந்தக் குணம் நம் காம்பவுண்டுக்குள் மட்டும் நிற்பதில்லை.

உங்கள் அபார்ட்மெண்டில் அதை எடுக்கச் சொல்லவில்லை. வெட்டியதைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் இரண்டு வாரம் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு கம்போஸ்ட்டில் சேருங்கள். இதை உங்கள் சங்கத்தில் பேச முடிந்தால் பெரிய உதவி.

மொட்டைமாடி | 15 ஏப்ரல் 2024

குப்பை எங்கே போகிறது என்று இதுவரை கேட்டதே இல்லை. இந்த வாரம் கேட்கிறேன்.

தேன்சிட்டு | 16 ஏப்ரல் 2024

கிணற்றடி அக்கா, முன்பு ஏரிக்கரையில் கிடந்ததாகச் செம்மண் சார் சொன்ன பொடுதலையையே நீங்கள் நடலாம். நான் கம்மனஹள்ளியில் நான்கு வருடமாகப் புல்லுக்குப் பதில் அதைத்தான் வைத்திருக்கிறேன். தலையில் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதே பொடுதலைதான். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படரும் செடி. வெள்ளமும் தாங்கும், வறட்சியும் தாங்கும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். எங்கள் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1400 காட்டுகிறது. ரோஜாவுக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். பொடுதலை அதைக் குடித்துக்கொண்டே பச்சையாக இருக்கிறது. ஜப்பானில் இந்த இனத்திலிருந்தே தேர்ந்தெடுத்து குராப்பியா என்ற பெயரில் புல்வெளிக்கு மாற்றாக விற்கிறார்கள். நாம் அதைக் களை என்று பிடுங்கிப் போடுகிறோம்.

நடும் முறை: விரல் நீளத் தண்டு, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும். அடிக்கு ஒன்று வைத்தால் போதும், நெருக்கமாக வேண்டாம். அதற்கு முன் பழைய புல்லின் வேரை நன்றாகக் கொத்தி எடுங்கள். சருகுதானே என்று விட்டால் மழை வந்ததும் அது எழுந்து வந்து பொடுதலையோடு பின்னிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. நான் அந்தத் தப்பைச் செய்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். முதல் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர். வேர் இறங்கிய பிறகு வாரம் ஒரு முறை, அதுவும் கோடையில் மட்டும்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். நிழலில் நடாதீர்கள், தண்டு நீண்டு மெலிந்து தரை தெரியும். அடுத்தது தேனீ. சின்னச் சின்னப் பூக்கள், தீக்குச்சித் தலை மாதிரி, சுற்றிலும் வெள்ளை, நடுவில் கருஞ்சிவப்பு. அதற்குக் காலை பத்து மணிக்கு மேல் தேனீக்கள் கூட்டமாக வரும். அப்பா வெறுங்காலோடு நடப்பார் என்றால் நடுவில் நடைக்கல் பதியுங்கள். கடப்பைக் கல்லின் வழவழப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான பக்கம் மேலே. மழையில் வழுக்காது.

கிணற்றடி | 16 ஏப்ரல் 2024

பொடுதலை என்று அப்பாவிடம் சொன்னேன். முகம் அப்படியே மாறிவிட்டது. "எங்க அம்மா துவையல் அரைப்பாளே" என்றார். மூலத்துக்கு நல்லது என்று பாட்டி அரைத்துக் கொடுப்பார்களாம். எங்கே கிடைக்கும்? நர்சரியில் கேட்டால் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

தேன்சிட்டு | 16 ஏப்ரல் 2024

நர்சரியில் தேட வேண்டாம். முதல் மழை வரட்டும், ஒரு பை நிறைய நான் தருகிறேன்.

வேரும்விழுதும் | 19 ஏப்ரல் 2024

சுவர்ப் பிரச்சினையை யாரும் தொடவில்லை. நான் கட்டட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கொடி ஏறிய சுவர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரில் பழைய பங்களா காம்பவுண்டுகளில் சுவரோடு சுவராக ஒட்டி, சின்ன இதய வடிவ இலையோடு படர்ந்திருப்பது ஃபைகஸ் புமிலா. நர்சரியில் வால் க்ரீப்பர் என்பார்கள். அத்திக் குடும்பம். சீனா, ஜப்பான் பக்கத்திலிருந்து வந்தது. உங்கள் சந்துக்கு அது ஏற்றதுதான்: நிழல் தாங்கும், இலை உதிராது, பூசாத பிளாக் சுவர் சொரசொரப்பாக இருப்பதால் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் நடுவதற்கு முன் ஜாயிண்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். கலவை உதிர்ந்தால், விரிசல் இருந்தால், முதலில் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். நல்ல சுவரை இந்தக் கொடி கெடுத்து நான் பார்த்ததில்லை. விரிசல் விட்ட சுவரில் வேர் உள்ளே நுழைந்து தடிக்கும், பிறகு சுவர் பிளக்கும். பெயிண்ட் அடித்த வீட்டுச் சுவரில் ஏற்றவே கூடாது. பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும், ஒட்டின தடம் போகாது.

நர்சரிப் பையில் நீளமாகத் தொங்கும் தண்டுகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துக் கட்டினால் அவை ஒட்டாது. புதிதாக வரும் துளிர்தான் ஒட்டும். அதனால் நட்டதும் அரையடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். ஐந்தடிக்கு ஒரு செடி போதும். வெட்டும்போது வரும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இதற்கு இரண்டு பருவம் உண்டு. சுவரில் ஒட்டி ஏறும் வரை இலை நகம் அளவுதான். உச்சியை எட்டி முதிர்ந்த பிறகு கிளைகள் சுவரை விட்டு விலகி நீட்டிக்கொள்ளும், இலை உள்ளங்கை அளவுக்குத் தோல் மாதிரி தடிக்கும், பச்சையாகப் பெரிய காயும் காய்க்கும். அந்த நிலைக்குப் போனால் பாரம் ஏறும், உள்ளே எலி கூடு கட்டும். சுவர் விளிம்புக்கு அரையடி கீழேயே வருடம் இரண்டு தடவை நறுக்கிவிட்டால் என்றைக்கும் இளம் பருவத்திலேயே நிற்கும். இதைச் செய்ய முடியாதவர்கள் நட வேண்டாம். இன்னும் ஒன்று, அது பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யமுனைக்கரை | 21 ஏப்ரல் 2024

தில்லியிலிருந்து எழுதுகிறேன். ஐவிக் கொடி நடலாமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். மே மாத அனல் காற்றில் நான் இரண்டு முறை வைத்து இரண்டு முறையும் சிலந்திப்பேன் வந்து போய்விட்டது. பெங்களூரின் நிழலில் பிழைக்குமா?

வேரும்விழுதும் | 21 ஏப்ரல் 2024

பிழைக்கும், மெதுவாக. ஈரம் காயக் கூடாது. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். தில்லிக்கு மதுமாலதி இருக்கிறதே, நம் ரங்கூன் மல்லி. வெயிலைத் தாங்கும். மாலையில் வெள்ளையாக மலர்ந்து அடுத்தடுத்த நாளில் சிவப்பாகும். ஆனால் சுவரில் தானாக ஒட்டாது, கம்பி கட்ட வேண்டும்.

கிணற்றடி | 12 மே 2024

மழை வந்துவிட்டது! இந்த மாத முதல் வாரத்தில் மண் நனைந்த மறுநாளே தேன்சிட்டு பையோடு வந்து நின்றார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெடிலியாவைப் பிடுங்கி மூட்டை கட்டி மொட்டை மாடி வெயிலில் போட்டிருக்கிறேன். பிடுங்கிய இடத்தில் வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் துளிர்க்கிறது. மூன்றாவது சுற்று நடக்கிறது. பழைய புல் வேரைக் கொத்த இரண்டு நாள் ஆனது. கல் பதித்து, நாற்பத்தைந்து தண்டு நட்டோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கணு எண்ணிக் கையில் எடுத்துக் கொடுத்தார்.

சுவரில் ஜாயிண்டு அடைத்து நான்கு ஃபைகஸ் வைத்தேன். வெட்டவும் செய்தேன். பக்கத்து வீட்டு அம்மா சந்தோஷமாகச் சரி என்றார், அவர்கள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டார்.

கிணற்றடி | 4 ஜூன் 2024

நேற்று முன்தினம் இரவு பெய்த மழையில் (111 மி.மீ. என்கிறார்கள்) முன்பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஒரு பகல் மூழ்கியே கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால் பொடுதலை ஒன்றுகூட அழுகவில்லை. ஆனால் இன்று காலை உள்ளங்கை நீளத்துக்கு நத்தைகள், ஏழு. ஃபைகஸ் துளிரை இரண்டு செடியில் மொட்டையாக்கிவிட்டன. உப்புப் போடலாமா?

தேன்சிட்டு | 4 ஜூன் 2024

உப்பை மண்ணில் போடவே போடாதீர்கள் அக்கா, உங்கள் மண் ஏற்கெனவே ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறது. அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. பெங்களூரில் மழை ஆரம்பித்ததும் இதுதான் தொல்லை. இரவு எட்டு மணிக்கு ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, கீழே முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தோலோ வையுங்கள். விடியற்காலையில் எல்லாம் அடியில் இருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது, மூளைக்காய்ச்சல் தரும் புழுவை இவை சுமக்கக்கூடும். கையுறை போட்டுப் பொறுக்கி, பக்கெட்டில் உப்புக் கரைசலில் போட்டு மூடிவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். தொடர்ந்து பத்து நாள் செய்தால் குறையும். ஒரு நாள் பொறுக்கிவிட்டு நிறுத்தினால் பயனில்லை.

மொட்டைமாடி | 9 ஜூன் 2024

இந்த இழையில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மாலியின் வண்டி போன இடத்தைப் பார்த்தேன். அபார்ட்மெண்டுக்குப் பின்னால் கால்வாய்க்கரை. நாங்கள் வெட்டிக் கொட்டியது முழுக்க அங்கே பூத்துக் கிடக்கிறது, கிட்டத்தட்ட நூறடி நீளத்துக்கு. எங்கள் வீட்டுச் செடி என்று பார்த்ததுமே தெரிந்தது. சங்கத்தில் பேசி, வெட்டியதை உள்ளேயே காயவைக்க ஒரு மூலை ஒதுக்கிவிட்டோம். மேட்டில் பாதியை இந்த மழையில் எடுத்துவிட்டு நிலக்கடலைச் செடி மாதிரி மஞ்சள் பூ பூக்கும் பிண்டோ வைக்கலாம் என்று பேச்சு. செம்மண் சார், அது பரவாயில்லையா?

செம்மண் | 9 ஜூன் 2024

நீங்கள் போய்ப் பார்த்ததற்கே நன்றி. பிண்டோ நல்ல தேர்வு. பிரேசில் நாட்டுச் செடி, கடலை இனம் என்பதால் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். அதுவும் தண்டு விட்டுப் படரும், ஆகவே வெட்டியதை உள்ளேயே காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கோடையில் வெடிலியாவைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் கேட்கும். மேடு முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம், மண் இறங்கிவிடும். பட்டை பட்டையாக மாற்றுங்கள்.

கிணற்றடி | 20 அக்டோபர் 2024

முன்பக்கம் தரை தெரியவில்லை. ஒரு முறை கத்தரித்தேன், மட்டமாகப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. இறக்கையில் மயில்கண் புள்ளி போட்ட ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி ஒன்று தினமும் வருகிறது. அப்பா அதற்காகக் காத்திருக்கிறார். நான் இதுவரை ஐந்து தடவை துவையல் அரைத்துவிட்டேன்: ஒரு பிடி இலை, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, இஞ்சித் துண்டு, நல்லெண்ணெயில் வதக்கி. பாட்டி கைப்பக்குவம் வரவில்லை என்கிறார், ஆனால் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

நத்தைக்கு அப்புறம் ஃபைகஸ் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு. மற்ற இரண்டும் இன்னும் தரையில்.

கிணற்றடி | 23 மார்ச் 2025

இன்னொரு கோடை வந்துவிட்டது. போர்வெல்லில் இந்த வருடம் காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வருகிறது, அதைச் செடிக்குத் தொடவில்லை. பொடுதலைக்கு வாரம் இரண்டு பக்கெட் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். டிசம்பரில் இலை கொஞ்சம் செம்பழுப்பாக மாறியது, பயந்துபோனேன், பிப்ரவரியில் தானாகத் தெளிந்துவிட்டது. கேட் பக்கம் கார் டயர் ஏறும் ஓரத்தில் மட்டும் வழுக்கையாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். சந்தின் கடைசியில், சம்ப் மூடிக்குப் பக்கத்தில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே வெற்றிலைக் கொடி வேண்டும் என்று அப்பா கேட்கிறார். ஃபைகஸ் இருக்கும் சுவரிலேயே ஏற்றலாமா?

வேரும்விழுதும் | 23 மார்ச் 2025

சுவரில் வேண்டாம், இரண்டும் பின்னிக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தேங்காய் நார் சுற்றிய கம்பு நட்டு அதில் ஏற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை அதற்கு ஒரு சொட்டும் காட்டாதீர்கள். அரிசி களைந்ததும் மழைத்தண்ணீரும்தான்.

தேன்சிட்டு | 24 மார்ச் 2025

அக்கா, என்னிடம் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த கொடி இருக்கிறது. மே மழைக்கு மூன்று கணு வெட்டித் தருகிறேன். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு பை பொடுதலை வேண்டும். என்னுடையதில் கால்வாசியைச் சாலைக்குத் தோண்டியபோது எடுத்துவிட்டார்கள்.

கிணற்றடி | 24 மார்ச் 2025

உங்கள் செடிதானே, எத்தனை பை வேண்டுமானாலும். அப்பா இப்போதே கணு எண்ண ஆரம்பித்துவிட்டார்.